சிங்கப்பூரின் நீரும் ஜூரோங்கின் ஆலைகளும்

ஒரு நகரம் தொழில் நகரமாக மாற முற்படும்போது முதற்கண் பேசப்படுவன நிலம், மின்சாரம், துறைமுகம், முதலீடு ஆகியவையே. நீரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் பின்னரே எழும்; எழும்போது நெருக்கடியாகவே எழும். சிங்கப்பூரும் இதற்கு விலக்கன்று. ஆயினும் 1960-களில் அத்தீவு இந்நெருக்கடியை எதிர்கொண்ட முறையில் சிந்திக்கத்தக்கது ஒன்று உண்டு. ஆலைகளுக்கு எவ்வளவு நீர் வேண்டும் என்று கேட்டதோடு நில்லாமல், எத்தகைய நீர் வேண்டும் என்றும் அங்கே கேட்டனர். முதற் கேள்வி அணைகளையும் குழாய்களையும் நோக்கி இட்டுச் சென்றது. இரண்டாவது கேள்வியோ, எவரும் திரும்பிப் பார்க்க விரும்பாத கழிவுநீர்க் குட்டைகளை நோக்கி இட்டுச் சென்றது.

ஆண்டுதோறும் ஏறத்தாழ 95 அங்குல மழை பொழியும் தீவில் நீர்ப்பஞ்சமா என்று ஐயுறலாம். மழைக்குக் குறைவில்லை; பெய்த மழையைத் தாங்கி நிறுத்த இடந்தான் இல்லை. பேராறு இல்லை, ஓங்கிய மலை இல்லை, நிலத்தடி நீரும் சொற்பமே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிணறுகளும் ஊற்றுகளும் நகரைத் தாங்கின. மாட்டுவண்டிகளில் நீரை ஏற்றிவந்து நகருக்குள் வழங்கினர். சீனர் மிகுதியாக வாழ்ந்த பகுதிக்கு, நீர்வண்டி என்று பொருள்படும் ‘கிரேத்தா ஆயர்’ என்னும் மலாய்ப் பெயர் இன்றளவும் நிலைத்திருப்பது அக்காலத்தின் எச்சமாகும்.

1857ஆம் ஆண்டில் டான் கிம் செங் என்னும் சீன வணிகப் பெருமகனார், நகர மக்களுக்கு நல்ல நீர் கிடைக்க வேண்டுமென்று 13,000 வெள்ளியை நகராட்சிக்கு நன்கொடையாக அளித்தார். அந்நாளில் அது பெருந்தொகை. பணம் கைக்கு வந்ததே தவிர, நீர் வரவில்லை. திட்டம் மாறிற்று, செலவு வளர்ந்தது, பணம் கரைந்தது, கொடுத்தவரும் 1864-ல் மறைந்தார். தாம்சன் சாலையருகே நீர்த்தேக்கம் 1868 வாக்கில் உருவான பின்னும், அந்நீரை நகருக்குத் தள்ளும் இயந்திரங்களும் குழாய்களும் சரிவர அமையப் பத்தாண்டு கழிந்தது. 1882-ல் நகராட்சியார் அவர் நினைவாக ஓர் அலங்கார நீரூற்றை எழுப்பினர். அது நன்றியால் எழுந்ததோ நாணத்தால் எழுந்ததோ, அந்த இரும்பு நீரூற்று இடம் மாறி இன்று கடற்கரைப் பூங்காவில் நிற்கின்றது.

அதன்பின் நகரம் மெல்ல மெல்லத் தேக்கங்களைப் பெருக்கிக்கொண்டது. தாம்சன் சாலைத் தேக்கத்தை 1891-ல் விரிவாக்கிய பொறியாளர் ஜேம்ஸ் மெக்ரிச்சியின் பெயர் 1922-ல் அதற்குச் சூட்டப்பட்டது. காலாங் ஆற்றுத் தேக்கம், மற்றொரு பொறியாளரான ராபர்ட் பியர்சின் பெயரைப் பெற்றது. மூன்றாவதாகச் சிலேத்தார்த் தேக்கம் எழுந்தது. தேக்கங்களுக்குப் பொறியாளரின் பெயர்கள் கிடைத்தன. குழி வெட்டிக் குழாய் புதைத்தவர்களுக்கோ எப்பெயரும் கிடைக்கவில்லை. அக்கால நகராட்சியின் தினக்கூலித் தொழிலாளருள் பெரும்பகுதியினர் தென்னிந்தியர் என்பதை இவ்வேட்டைப் படிப்போர்க்கு நினைவூட்ட வேண்டுவதில்லை.

தீவுக்குள் இனி இடமில்லை என்ற நிலை வந்தபோது, நகராட்சியினர் வடக்கே நீரிணைக்கு அப்பால் நோக்கினர். 1927 டிசம்பரில் ஜோகூர் சுல்தான் இப்ராஹிமுடன் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. குனோங் பூலாய் மலையடிவாரத்தில் 2,100 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டு வாடகை 30 காசு வீதம் குத்தகைக்குக் கிடைத்தது. 1924-ல் திறக்கப்பட்ட கடற்பாலத்தின்மேல் பெருங்குழாய் படிந்து, ஜோகூர் மழை சிங்கப்பூர் வீடுகளுக்குள் ஓடிவரலாயிற்று. வசதிதான், ஆயினும் ஒரே குழாயை நம்பி வாழும் நகரம் எத்தகைய இடருக்கு உள்ளாகும் என்பதை 1942 காட்டிவிட்டது. அவ்வாண்டு ஜனவரி 31 அன்று பின்வாங்கிய பிரிட்டிஷ் படையினர் கடற்பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தபோது, குழாயும் அதனோடு அறுந்தது. தீவுக்குள் எஞ்சிய குழாய்களைக் குண்டுகள் சிதைத்தன. இரண்டு வாரங்கள் கழித்துத் தளபதி பெர்சிவல் சரணடைய முடிவு செய்ததற்கு, நகரில் நீர் தீரும் நிலை வந்துவிட்டமையும் ஒரு காரணமாகும்.

இதுகாறும் கூறிய வரலாற்றில் ஆலைகளுக்கு இடம் மிகக் குறைவு. தொழில்கள் இல்லாமலில்லை. பிராணித் தீவில் ஈயம் உருக்கினர். ரப்பரை அலசித் தாளாக்கும் கொட்டகைகள் இருந்தன. அன்னாசிப் பழத்தைத் தகரத்தில் அடைத்தனர். ஆயினும் சிங்கப்பூர் முதன்மையாக ஒரு வணிகத் துறைமுகமே. அதன் நீர் வீட்டுக்கும் கப்பலுக்கும் உரியது. அந்நிலை போருக்குப் பின்னரே மாறிற்று.

1947ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள் தொகை 9,38,144. பத்தாண்டு கழித்து 1957-ல் அது 14,45,929. பத்தாண்டுக்குள் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் கூடிவிட்டனர். இத்தனை பேருக்கும் துறைமுகமும் கடைத்தெருவும் வேலை கொடுக்க இயலாது என்பது 1959-ல் தன்னாட்சி பெற்ற அரசாங்கத்துக்குத் தெளிவாயிற்று. 1960-ல் ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் சார்பில் டச்சுப் பொருளியலறிஞர் ஆல்பர்ட் வின்செமியஸ் ஒரு குழுவுடன் வந்து ஆராய்ந்தார். நாட்டைத் தொழில் நாடாக்குவதே வழி என்றார். 1961 ஆகஸ்டில் பொருளியல் வளர்ச்சிக் கழகம் அமைந்தது. நிதியமைச்சர் கோ கெங் சுவீ, தீவின் மேற்குக் கோடியிலிருந்த ஜூரோங்கைத் தொழிற்பேட்டைக்கெனத் தேர்ந்தார். அலையாத்திச் சேறும், இறால் குட்டைகளும், சிறு குன்றுகளுமாகக் கிடந்த இடம் அது. குன்றுகளை வெட்டிச் சேற்றில் கொட்டிச் சமன் செய்தனர். ‘கோவின் மடமை’ என்று அதனை எள்ளியோரும் இருந்தனர்.

எள்ளியோர் காரணமின்றி எள்ளவில்லை. சாலை போடலாம், மின்கம்பம் நடலாம், நீருக்கு என்ன செய்வது? எஃகு ஆலையொன்று, காய்ச்சிய இரும்பைக் குளிர்விக்கவே நாள்தோறும் பெருமளவு நீரை விழுங்கும். துணிக்குச் சாயம் தோய்க்கும் ஆலைக்கும், காகித ஆலைக்கும் நீரே உயிர். கடல் அருகில்தானே உள்ளது என்பது எளிய விடை. கரையோர மின்நிலையங்கள் கடல்நீரைக் கொண்டே தம் இயந்திரங்களைக் குளிர்வித்து வந்தன. ஆனால் உப்பு நீர் சாயத்துக்கு ஆகாது, காகிதத்துக்கு ஆகாது. அதற்கெனச் செய்யப்படாத இரும்புக் குழாயை அரித்துத் தின்றுவிடும்.

அரசாங்கம் முதலில் பழைய வழியையே நாடிற்று. அதாவது, இன்னும் அதிக நீரைத் தேடிற்று. 1961 செப்டம்பரில் ஜோகூருடன் ஒரு புதிய ஒப்பந்தம், 1962 செப்டம்பரில் மற்றொன்று. முன்னது தெப்ராவ், ஸ்கூடாய் ஆறுகளைப் பற்றியது. 2011 வரை நீடிக்கத்தக்கது. பின்னது ஜோகூர் ஆற்றிலிருந்து நாள்தோறும் 25 கோடி கேலன் வரை எடுத்துக்கொள்ள 2061 வரை உரிமை தருவது. விலை ஆயிரம் கேலனுக்கு 3 காசு. தாளில் இது பெருவெள்ளம். ஆனால் ஒப்பந்தத்தில் உள்ள நீர் வேறு, குழாயில் வரும் நீர் வேறு. ஆற்றுக்கும் வீட்டுக்கும் இடையில் நீரேற்று நிலையமும், சுத்திகரிப்பு நிலையமும், பல மைல் நீளக் குழாயும் அமைய வேண்டும். அதற்கு ஆண்டுகள் ஆகும்.

அந்த ஆண்டுகளை வானம் கொடுக்கவில்லை. 1961-ன் பிற்பகுதியில் மழை பொய்த்து, நீர்ப் பங்கீடு வந்தது. மீண்டும் 1963 ஏப்ரலில் தொடங்கிய பங்கீடு 1964 பிப்ரவரி வரை, பத்து மாத காலம் நீடித்தது. வட்டாரம் வட்டாரமாகப் பகலில் சில மணி நேரம் குழாய்கள் அடைக்கப்பட்டன. தகரமும் வாளியும் குடமும் வரிசையில் நின்றன. 1963 மே மாதத்தில் பொதுப் பயனீட்டுக் கழகம் அமைக்கப்பெற்று, நகரசபையிடமிருந்து நீர், மின்சாரம், எரிவாயு ஆகிய மூன்றையும் ஏற்றபோது, அதன் மடியில் முதலில் விழுந்தது இந்தப் பஞ்சமே. அதே 1963ஆம் ஆண்டில்தான் ஜூரோங்கின் முதல் ஆலையாகிய தேசிய இரும்பு எஃகு ஆலை உற்பத்தியைத் தொடங்கிற்று. குழாயடியில் வாளியுடன் நிற்கும் தாய் ஒருபுறம். நீரின்றி உலை எரியாத ஆலை மறுபுறம். அத்தாயின் மகனுக்கு வேலை கொடுக்கப்போவது அவ்வாலைதான் என்பதால், ஒருவரை விட்டு ஒருவரைத் தேர்வதும் எளிதன்று.

1965 ஆகஸ்டில் சிங்கப்பூர் மலேசியாவினின்றும் பிரிந்து தனி நாடாயிற்று. ஜோகூருடன் செய்த இரு நீர் ஒப்பந்தங்களும் பிரிவினை உடன்படிக்கையில் உறுதி செய்யப்பட்டன. ஆயினும் உள்நாட்டு ஆற்று நீராக இருந்தது ஒரே நாளில் அயல்நாட்டு ஆற்று நீராயிற்று. ஒவ்வொரு கேலனையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் அப்போதே வேரூன்றியது எனலாம்.

இந்நிலையில்தான் இரண்டாவது கேள்விக்கு மதிப்பு உண்டாயிற்று. எஃகைக் குளிர்விக்கும் நீரை எவரும் குடிக்கப்போவதில்லை. தரையைக் கழுவும் நீர் தாய்ப்பால்போல் தூயதாய் இருக்க வேண்டுவதில்லை. அவ்வாறாயின், அரும்பாடுபட்டு வடிகட்டிய குடிநீரை அவற்றுக்கு ஏன் கொடுக்க வேண்டும்? இந்த எண்ணம் சிங்கப்பூரில் பிறந்ததன்று. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பெத்லகேம் எஃகு ஆலை, போர்க்காலமாகிய 1942 முதலே நகரக் கழிவுநீரைச் சுத்திகரித்துப் பயன்படுத்தி வந்தது. ஹாங்காங்கில் 1950-களின் இறுதியிலிருந்து கழிப்பறைகளுக்குக் கடல்நீரை வழங்கலாயினர். ‘வேலைக்கு ஏற்ற நீர்’ என்னும் கொள்கை அங்கங்கே செயலில் இருந்தது. சிங்கப்பூரின் சிறப்பு, அதனை ஒரு தனி ஆலையின் ஏற்பாடாக விடாமல், ஒரு தொழில் நகரத்தின் பொது ஏற்பாடாக ஆக்கியதே.

ஜூரோங்குக்குக் கிழக்கே உலு பாண்டானில் ஒரு கழிவுநீர் நிலையம் 1961-ல் இயங்கத் தொடங்கியிருந்தது. வீடுகளின் கழிவுநீர் அங்கே வந்து தேங்கும். கனமான அழுக்கு முதலில் தொட்டிகளின் அடியில் படியும். எஞ்சிய நீரில் காற்றைச் செலுத்தினால், கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் பெருகிக் கரைந்த அழுக்கைத் தின்னும். தின்று கொழுத்த அவ்வுயிர்த் திரளும் பின்னர்ச் சேறாகப் படியும். மேலே தெளிந்து நிற்கும் நீர் வழக்கமாகக் கடலை நோக்கிப் போகும். 1966-ல் ஜூரோங்கில் நிறுவப்பட்ட தொழில்நீர் நிலையம் அந்நீரை வாங்கிக்கொண்டது. படிகாரம் போன்ற வேதிப்பொருள் சேர்த்து, மிச்சமிருந்த மாசைத் திரளச் செய்து படியவைத்தனர், மணற்படுகைகளில் வடிகட்டினர், குளோரின் கலந்து கிருமிகளைக் கொன்றனர், பின்னர்த் தனிக் குழாய்களில் ஆலைகளுக்கு அனுப்பினர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கோடி கேலன் தரத்தக்க நிலையம் அது. 1950-ல் சிங்கப்பூர் முழுவதும் நாள்தோறும் செலவிட்ட நீர் ஏறத்தாழ 3 கோடி 10 இலட்சம் கேலன். அதில் மூன்றிலொரு பங்குக்கு நிகரான நீர், கடலில் கலக்கப்போகும் வழியில் மடக்கிப் பிடிக்கப்பட்டது என்றால் அதன் பெருமை விளங்கும்.

குறைகளும் இருந்தன. மணலும் குளோரினும் மாசைக் களையுமேயன்றி, நீரில் கரைந்த உப்பைக் களைய வல்லன அல்ல. ஆகவே அந்நீர் உணவுப் பண்டம் செய்யும் ஆலைக்கு ஆகாது. கொதிகலனுக்கும் மேலும் பக்குவப்படுத்தாமல் ஆகாது. ஆலைக்குள் இரண்டு குழாய்கள் வேண்டும். ஒன்றோடொன்று தப்பித் தவறியும் இணைந்துவிடலாகாது. இணைந்தால் தொழில்நீர் குடிநீரில் கலந்து நோய் பரவும். இங்கேதான் ஜூரோங்கின் வெறுமை அதற்கு வாய்ப்பாக அமைந்தது. கட்டி முடிந்த பழைய நகரில் தெருத்தெருவாகத் தோண்டி இரண்டாவது குழாய் புதைப்பதென்றால் செலவுக்கு எல்லையே இராது. சாலையும் சாக்கடையும் புதிதாக அமையும் வெற்று நிலத்தில் இரண்டு குழாய்களையும் ஒருங்கே புதைத்துவிடலாம். ‘மடமை’ என்று எள்ளப்பட்ட சேற்று நிலம் இவ்வகையில் ஓர் அறிவுடைமைக்கு இடங்கொடுத்தது.

இன்னொன்றும் நினைக்கத்தக்கது. அந்நாளில் தீவின் பல வீடுகளில் நவீனக் கழிப்பறை கிடையாது. மலத்தை வாளிகளில் எடுத்துச் செல்லும் முறையே வழக்கிலிருந்தது. அது முற்றிலும் ஒழிய 1987 ஆயிற்று. கம்பத்து வீடுகள் அடுக்குமாடிகளாக மாறி, கழிவுநீர்க் குழாயுடன் இணைய இணைய, சுகாதாரமும் வளர்ந்தது. ஆலைகளுக்கான நீரின் ஊற்றும் வளர்ந்தது. வீட்டுவசதித் திட்டமும் தொழில்வளர்ச்சித் திட்டமும் பூமிக்கடியில் கைகோத்துக்கொண்டமை பலரும் கவனியாத செய்தி.

இதனால் அணைகளுக்கு வேலை இல்லாமற் போகவில்லை. சிலேத்தார்த் தேக்கம் பன்மடங்கு விரிவாக்கப்பட்டு 1969-ல் திறக்கப்பட்டது. 1972-ல் நீருக்கென நெடுங்காலத் திட்டமொன்று வகுக்கப்பட்டது. கிராஞ்சி, பாண்டான் முதலிய ஆற்று முகத்துவாரங்கள் 1970-களில் அடைக்கப்பட்டு நன்னீர்த் தேக்கங்களாயின. 1977 முதல் 1987 வரை பத்தாண்டு பாடுபட்டுச் சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் ஆற்றையும் தூய்மை செய்தனர். ஆலைகளும் பொறுப்பினின்று தப்பவில்லை. 1997 வரை, வீடுகளைவிட ஆலைகளும் வணிக நிலையங்களும் நீருக்குக் கூடுதல் விலை கொடுத்து வந்தன. அதன்பின் வீட்டுக் கட்டணம் படிப்படியாக உயர்த்தப்பட்டு, 2000-ல் ஒரு கன மீட்டருக்கு 1 வெள்ளி 17 காசு என்று இரண்டும் ஒருநிலைப்பட்டன.

கழிவுநீரைக் குடிநீரின் தரத்துக்கே உயர்த்த முடியுமா என்னும் ஆராய்ச்சியும் நடந்தது. 1974-ல் ஜூரோங்கில் ஒரு சோதனை ஆலை அமைத்து, மென்சவ்வுகளின் வழியே நீரை அழுத்தி உப்பைப் பிரித்துப் பார்த்தனர். செலவு மிகுதி, சவ்வுகளோ நம்பத்தக்கனவாயில்லை. ஆலை விரைவில் மூடப்பட்டது. அறிவியல் அவ்வளவில் காத்திருக்க வேண்டியதாயிற்று.

காத்திருந்த கால் நூற்றாண்டில் இரண்டு மாற்றங்கள் நேர்ந்தன. மென்சவ்வுகள் மலிந்தன, உறுதிபெற்றன. ஆலைகளின் இயல்பும் மாறிற்று. இரும்பும் துணியும் முதன்மை இழந்து, மின்னணுச் சில்லுகளைச் செய்யும் ஆலைகள் உட்லண்ட்சிலும் தெம்பினிசிலும் எழுந்தன. சில்லின் மேற்பரப்பைக் கழுவும் நீரில் ஒரு துளி உப்பும் இருத்தல் ஆகாது. வீட்டுக் குழாயில் வரும் குடிநீரைக்கூட அவ்வாலைகள் அப்படியே பயன்படுத்துவதில்லை. மேலும் பன்முறை தூய்மை செய்த பின்னரே பயன்படுத்துகின்றன. 2000 மே மாதத்தில் பிடோக்கில் புதிய சோதனை ஆலை இயங்கிற்று. நுண்வடிகட்டல், அழுத்தத்தால் உப்பு நீக்கும் சவ்வு, புறஊதாக் கதிர் என்னும் மூன்று படிகளில் கழிவுநீர் ‘புதுநீர்’ ஆயிற்று. 2002ஆம் ஆண்டுத் தேசிய தின விழாவில் அதனைப் புட்டிகளில் அடைத்து வழங்க, பிரதமர் முதல் பொதுமக்கள் வரை யாவரும் அருந்தினர். 2003 பிப்ரவரியில் அது முறையாக வழங்கப்படலாயிற்று. அந்நீரில் ஒரு சிறு பங்கு மட்டுமே தேக்கங்களில் கலக்கப்பட்டது. பெரும்பங்கு சென்றது ஆலைகளுக்கே.

இவ்விடத்தில் வரலாறு தலைகீழாகத் திரும்பியதைக் காணலாம். 1966-ல் குடிநீரினும் தாழ்ந்த நீர் ஆலைக்குப் போதும் என்று கொடுத்தனர். 2003-ல் குடிநீரினும் உப்புக் குறைந்த நீர் வேண்டுமென்று ஆலைகளே கேட்டு வாங்கின. அதிலும் வியப்பு யாதெனின், உயர்ந்த அந்நீரின் விலை குறைவு. தொடக்கத்தில் கன மீட்டருக்கு 1 வெள்ளி 30 காசாக இருந்தது 2005-ல் 1 வெள்ளி 15 காசாகவும், 2007-ல் 1 வெள்ளியாகவும் குறைந்தது. குடிநீருக்கோ அப்போது 1 வெள்ளி 17 காசுக்கு மேல் நீர்ச் சேமிப்பு வரியும் இருந்தது. கழிவுநீர் என்று முகஞ்சுளித்தது பொதுமக்களின் வழக்கமேயன்றி, கணக்குப் புத்தகத்துக்கு அவ்வழக்கம் இல்லை. 2007 மார்ச்சில் திறக்கப்பட்ட பெரிய புதுநீர் ஆலை அமைந்த இடம் எது? அதே உலு பாண்டான்.

1961ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2011-ல் முடிவுற்றபோது, அதன்கீழ் இயங்கிய நீர்நிலையங்களைச் சிங்கப்பூர் ஜோகூரிடம் ஒப்படைத்தது. தீவின் குழாய்கள் வறளவில்லை. 1963-ன் வாளி வரிசைகளை நினைவில் கொண்டிருந்த முதியோருக்கு அதன் பொருள் விளங்கியிருக்கும்.

ஆயினும் கணக்கு இன்னும் முடியவில்லை. 2018 வாக்கில் சிங்கப்பூரின் நாளொன்றைய நீர்ச்செலவு ஏறத்தாழ 43 கோடி கேலன். அதில் வீடுகளின் பங்கு 45 விழுக்காடு. எஞ்சியது ஆலைகளுக்கும் வணிகத்துக்கும் உரியது. 2060-களில் மொத்தச் செலவு ஏறத்தாழ இரு மடங்காகலாம் என்றும், அதில் 70 விழுக்காடு வீடல்லாத துறைகளுக்கே செல்லும் என்றும் பொதுப் பயனீட்டுக் கழகம் மதிப்பிட்டது. ஜோகூர் ஆற்று நீருக்கான 1962ஆம் ஆண்டு ஒப்பந்தம் முடிவதும் அப்போதுதான், 2061-ல்.